சாப்பிடுகிற வரைக்கும்

தட்டு இடம் மாறியிருந்தது.

படுக்கப் போகுமுன் அதைச் சமையலறையில், சிங்க்குக்குக் கீழே, சுவரோடு ஒட்டித்தான் வைத்திருந்தாள். காலையில் எழுந்து வந்தால் படுக்கையறை நிலைப்படிக்கு வெளியே, காலில் இடறுகிற மாதிரி கிடந்தது. டின் மீனின் கொழுப்புப் படலம்கூட மிச்சமில்லாமல் வழித்து நக்கியிருந்தது. எவர்சில்வரின் அடியில் தன் முகம் கோணலாகத் தெரிவதை அவள் குனிந்து பார்த்தாள்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. நேற்று முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த கழுதை, யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்து வந்து ஒரு பிடி பிடித்திருக்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்தில்தான் அவள் பூனை மேனேஜர் இப்போதெல்லாம் வாசம் செய்தது. பழைய துண்டின் மேல், கால்களை வயிற்றுக்கடியில் மடித்து, கண்ணைப் பாதி மூடிப் படுத்திருந்தது. சாறுள்ள எதையாவது தின்றால் அதன் மோவாய் ஈரமாகி, முடி கூர் கூராக ஒட்டிக்கொள்ளும். இன்று மோவாய் காய்ந்திருந்தது. நேற்று இரவு துண்டின் ஓரத்தை எடுத்து அதன் தோள்வரை இழுத்துவிட்டிருந்தாள். அந்த மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தது.

எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, தானே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிற பூனையை அவள் கேள்விப்பட்டதில்லை.

"சமத்து," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு விருப்பமில்லை.

மேனேஜர் என்று பெயர் வைத்தது அவள் கணவன். வந்த புதிதில் அது அவனுடைய லேப்டாப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் சந்தேகத்தோடு பார்க்கும். "எங்க மேனேஜரே தேவலாம்பா," என்றான் அவன். பெயர் ஒட்டிக்கொண்டது. அவன்தான் ஒட்டவில்லை. வேறு ஒருத்தியோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டான். வக்கீல்கள் உட்கார்ந்து அலமாரி, கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. பூனையைப் பிரிக்க வழியில்லை. அந்த வீட்டுக்காரிக்குப் பூனை முடி பட்டால் தும்மல் வருமாம். அந்தத் தும்மல் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும் என்று இவள் மனதார வாழ்த்தினாள்.

பூனையைப் பார்க்க அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தான். செருப்பைத் தெருவைப் பார்த்த மாதிரியே கழற்றிவிடுவான், போகும்போது திரும்ப வேண்டியதில்லை என்பதுபோல. பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன டின்னை எடுத்துச் சமையலறைத் தரையில் உட்காருவான். மேனேஜரை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு காதுகளுக்குள்ளும் கட்டைவிரலை விட்டு மெதுவாகத் தேய்ப்பான். அது கண்ணை மூடிச் சொக்கிப்போகும். அவள் அடுப்பருகே நின்றபடி, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். "டீ போடட்டுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "இல்ல, வேணாம். சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்," என்று அவனும் ஒவ்வொரு தடவையும் சொல்வான். போனதிலிருந்து இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட அவன் குடித்ததில்லை.

குடலில் கட்டி என்று தெரிந்த அன்று, இருவரும் சேர்ந்துதான் பூனை டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"இந்த மருந்து எதுவும் நோயைக் குணமாக்காதும்மா. குமட்டல் நிக்கும், வலி குறையும், தண்ணிச் சத்து இறங்காம இருக்கும். இந்தக் களிம்பு பசியைத் தூண்டும், அவ்வளவுதான். இருக்கிற நாள்ல கஷ்டமில்லாம இருக்கட்டும்னுதான் இதெல்லாம். சாப்பிடுற வரைக்கும் பார்ப்போம். இதையெல்லாம் குடுத்தும் சாப்பாட்டை நிறுத்திடுச்சுன்னா, அப்புறம் புடிச்சு வெக்கிறது நம்ம ஆசைக்குத்தான். ரெண்டு பேரும் வாங்க, பேசிக்கலாம்."

களிம்பை எப்படித் தடவுவது என்றும் காட்டித் தந்தார். ஒரு அரிசி நீளம் போதும். காதின் உள்பக்கத்தில், முடி இல்லாத இடத்தில். ஒரு நாள் இந்தக் காது, மறுநாள் அந்தக் காது. தோல் வழியாகவே உள்ளே போய்விடும்.

"கையுறை போட்டுத் தடவுங்க. வெறும் விரல்ல தடவினா மருந்து உங்களுக்கும் ஏறும். அப்புறம் பூனைக்குப் போட்டியா நீங்களும் தட்டு முன்னாடி போய் உட்காருவீங்க," என்று சிரித்தார். அவனும் சிரித்தான். அவள் சிரித்ததாக நினைவில்லை.

வெளியே காரில் ஏறுமுன் அவன் சொன்னான்: "இது இருக்கிற வரைக்கும் வந்துட்டுப் போறேன். அதுக்கப்புறம் நீயும் உன் வழியைப் பாரு. நானும் வர்றது சரியா இருக்காது."

ஆக, சாப்பிடுகிற வரைக்கும்.

அன்றிலிருந்து அவள் ஒரு நர்ஸைவிடச் சுத்தமாக வேலை செய்தாள், ஒரு விஷயத்தைத் தவிர. கையுறையின் ரப்பர் நாற்றம் மேனேஜருக்குப் பிடிக்கவில்லை, காதை மடக்கிக்கொண்டு சீறியது. அதனால் பெட்டி பிரிக்கப்படாமலே அலமாரியில் இருந்தது. வெறும் ஆள்காட்டி விரலால் தடவினாள். சனிக்கிழமைகளில் மட்டும் இரண்டு காதுக்கும் தடவினாள், அதுவும் அரிசி நீளத்துக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை அவன் கண்முன்னே அது சாப்பிட்டாக வேண்டும். சாப்பிட்டது. கூழாகிப்போன குடலை வைத்துக்கொண்டு, வயிறு வேண்டாம் வேண்டாம் என்று துடிக்க, வாய் மட்டும் தின்றது. சில சமயம் தின்றுகொண்டே முனகியது. அவன் போன பிறகு அது எடுக்கும் வாந்தியை அவள் சத்தமில்லாமல் துடைத்துப் போட்டாள்.

அவளுக்கும் பசித்தது. கவலையில் வருகிற பசி என்று நினைத்துக்கொண்டாள்.

"புருஷன் போன துக்கத்துல எல்லாரும் இளைப்பாங்க, நீ என்னக்கா இப்படிப் பூசிட்டே போறே?" என்றாள் தங்கை, வீடியோவில்.

"போடி."

"நான் ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே. அது பூனையா, இல்ல மாமாவைக் கட்டி வெச்சிருக்கிற கயிறா? பாவம்க்கா அது. விட்டுடு."

"உனக்கென்ன தெரியும். நேத்துகூட முழுத் தட்டையும் சாப்பிட்டுச்சு."

"கண்ணால பார்த்தியா?"

அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் தட்டு தினமும் காலியானது. மேனேஜர் அதே சந்தில், அதே துண்டில். வாந்தி நின்றிருந்தது. அது கழிக்கப் போகிற மண் தட்டில் அவள் சீப்புபோல இழுத்துவிட்ட கோடுகள் கலையவே இல்லை. மூத்திர வாடை போய், அந்த இடத்தில் வேறொரு வாடை வந்திருந்தது: பூ ஜாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள்.

"சாப்பிடுதாம்மா?"

"தட்டு காலி ஆயிடுது டாக்டர்."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது.

"வாந்தி?"

"இல்லவே இல்ல."

"பரவாயில்லையே! மண்ணுல போகுதா?"

"ம்."

சனிக்கிழமை மத்தியானம் தண்ணீர் மருந்து ஏற்ற உட்கார்ந்தாள். பையை வெதுவெதுப்பான நீரில் போட்டு எடுத்து, திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டாள். மேனேஜரின் பிடரித் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகினாள். எப்போதும் அந்த நிமிஷத்தில் ஒரு சிலிர்ப்பு அவள் விரலுக்குள் ஓடும், அதன் அடித்தொண்டையில் ஒரு அதட்டல் கேட்கும். மேனேஜர் அசையவில்லை. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கித் தோலுக்கடியில் திமிலாகத் திரண்டது. வழக்கமாக அந்தத் திமில் மெல்ல நழுவி, முன்னங்காலுக்கு இறங்கி, மாலைக்குள் உடம்பில் கரைந்துபோகும். இன்று அது அங்கேயே நின்றது. அவள் விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. குழி நிரம்பவில்லை. தூக்கிப் பிடித்த தோலை விட்டபோதும் அது கூடாரமாகவே நின்றது. உள்ளங்கையால் அழுத்தித் தடவி அதைச் சமமாக்கினாள். பிசைந்த மாவைத் தட்டுவதுபோல் இருந்தது.

"குளிர்காலம்ல," என்றாள் அதனிடம். "அதான் சில்லுனு இருக்கே."

வெந்நீர்ப் பையைத் துண்டுக்குள் வைத்து, துண்டோடு அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. விளக்கைப் போட எழ வேண்டும் என்று நினைத்தபடியே, வெளிச்சம் ஜன்னலிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து எங்கோவும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்தது ஒரு காய்ந்த ரொட்டிபோல அத்தனை லேசாக இருந்தது.

சமையலறையில் சத்தம் கேட்டது.

நக்குகிற சத்தம். அவசரமில்லாமல், ஒரே சீராக, ஈர நாக்கு எவர்சில்வரில் உரசுகிற சத்தம். நடுவில் சின்னதாக ஒரு முனகல், வயிறு வேண்டாம் என்றும் வாய் வேண்டும் என்றும் சொல்கிற அந்த முனகல். அவளுக்கு அதை நன்றாகத் தெரியும்.

அவள் மடியைப் பார்த்தாள். மேனேஜர் மடியில்தான் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அந்தக் கண்ணில் தூசி படிந்திருந்தது.

பிறகு நக்கும் சத்தம் நின்று, தட்டு நகரத் தொடங்கியது. டைல்ஸில் எவர்சில்வர் தேயும் கிறீச்சொலி. கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. மறுபடி. காலித் தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து காலடியில் போடுவது மேனேஜரின் பழைய வழக்கம்.

அவள் பூனையைச் சோபாவில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். யாரும் இல்லை. தரை நடுவில் தட்டு. டின்னைத் திறந்து கொட்டினாள். விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் தின்னும் சத்தம் ஆரம்பித்தது.

ஒன்று அவளுக்குப் புரிந்தது. தட்டில் ஏதாவது இருக்கும்வரை அது நகராது. காலியானால் நகரும். டின்களையெல்லாம் திறந்தாள். டின்கள் தீர்ந்ததும் பாலை ஊற்றினாள். முட்டைகளை உடைத்து விட்டாள். ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள். ராத்திரிக்கென்று வடித்த சோறு. பிஸ்கட். சர்க்கரை. ஒவ்வொரு தடவையும் அவள் நாக்கிலும் எச்சில் ஊறியது. ஒரு தடவை ரொட்டி தட்டுக்குப் போனதா தன் வாய்க்குப் போனதா என்று சந்தேகமாக இருந்தது.

அலமாரி காலியானது.

பசி அங்கே இருக்கிறது. பூனை இங்கே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும். அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான். சோபாவிலிருந்து பூனையை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். கட்டிலில் ஏறி, மேனேஜரை மடியில் போட்டுக் களிம்பு டியூபைப் பிதுக்கினாள். இந்தக் காதில். அந்தக் காதில். டியூப் தட்டையாகிற வரைக்கும். விரல் கொழகொழத்தது.

"நீ சாப்பிடணும்டா. நீதான் சாப்பிடணும். நாளைக்கு அவர் வருவார்ல."

கதவுக்கு வெளியே கிறீச்.

நின்றது.

கிறீச்.

கதவில் தட்டு இடித்தது. மெதுவாகத்தான். மறுபடி மெதுவாக. விடிகிற வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது மழை விட்டிருக்கவில்லை. செருப்பைத் தெருவைப் பார்க்கக் கழற்றிவிட்டு, தலையைத் துவட்டியபடி உள்ளே வந்தான்.

"மேனேஜர் சார், ஐயா வந்திருக்கேன்! என்ன, லீவா?" என்றவன், மூக்கைச் சுருக்கினான். "என்ன ஒரு மாதிரி நாத்தம்? குப்பை எடுக்கலியா?"

"மழைங்க. ஜன்னல் சாத்தியிருந்துச்சு."

மேனேஜரைத் துண்டில் சுற்றிச் சோபாவில், தலை மட்டும் தெரியும்படி வைத்திருந்தாள். அவன் எப்போதும்போல அதைத் தூக்கி மடியில் போட்டு, இரண்டு காதுகளுக்குள்ளும் கட்டைவிரலை விட்டுத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே ஏதோ சொல்ல வந்தவன் நிறுத்தினான். விரல்கள் மட்டும் சிறிது நேரம் தாமாகவே தேய்த்துக்கொண்டிருந்தன. பிறகு அவையும் நின்றன.

"இது... எப்ப?"

அவள் துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஏய். உன்னைத்தான் கேக்கிறேன். இது செத்து நாளாச்சு."

"நேத்துகூட சாப்பிட்டுச்சுங்க."

"விறைச்சு, விறைப்பும் விட்டுப்போச்சுடி!" அவன் குரல் உடைந்தது. அவளைப் பார்த்த பார்வையில் கோபமில்லை. அருவருப்பு இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது. இரக்கம்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. அவன் மேனேஜரைத் துண்டில் நன்றாகச் சுற்றி, முகத்தையும் மூடினான்.

"சரி. நான் எடுத்துட்டுப் போய் எங்கயாவது நல்ல இடமாப் பார்த்துப் புதைச்சிடறேன். நீ உன் தங்கச்சிக்குப் போன் பண்ணு. தனியா இருக்காதே." துண்டின் முனையை உள்ளே செருகினான். "இனிமே நான் வரலை. புரியுதில்ல?"

புரிந்தது. அவன் எழுந்தான். துண்டுப் பொட்டலத்தோடு வாசல்வரை போனான். ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தான்.

நின்றான்.

முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. முதுகுக்கு அப்பால் மழை. அவன் எதையோ காது கொடுத்துக் கேட்பவன்போல் தலையைச் சாய்த்தான். அவன் வயிறு சத்தம் போட்டது. கூடம் முழுக்கக் கேட்கும்படி, நீளமாக.

"சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றான், திரும்பாமலே.

அவள் நெஞ்சு குதித்தது. பயத்தில் இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வெட்கங்கெட்ட சந்தோஷத்தில். எத்தனை ஞாயிற்றுக்கிழமையாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள்! சமையலறைக்கு ஓடி அலமாரியைத் திறந்தாள். காலி. ஃப்ரிட்ஜைத் திறந்தாள். வெளிச்சம் மட்டும். அரிசி டப்பாவைக் கவிழ்த்தாள். எல்லாவற்றையும் அதற்குப் போட்டாயிற்று.

"ஒண்ணுமே இல்லீங்க. கடைக்குப் போயிட்டு..."

அவன் சமையலறைக்குள் நின்றுகொண்டிருந்தான். வந்த காலடியை அவள் கேட்கவில்லை. பொட்டலம் கூடத்துத் தரையில் கிடந்தது. அவன் பாக்கெட்டிலிருந்து தன் டின்னை எடுத்தான். மூடியைக் கிழித்தான். விரலால் வழித்தான். வாயில் வைத்தான்.

"வேணாங்க. அது பூனைக்கு..."

தின்றான். டின்னுக்குள் விரல் சுரண்டும் சத்தம். மூடியை நக்கினான். நாக்கில் ரத்தக் கோடு. அதையும் விழுங்கினான். முனகினான். அந்த முனகல்.

தரையில் தட்டு கிடந்தது. அவன் அதன் முன்னால் மண்டியிட்டான். இஸ்திரி போட்ட சட்டை, அவளுக்குத் தெரியாத யாரோ இஸ்திரி போட்ட சட்டை, முதுகில் இறுகியது. தலை குனிந்தது. காலித் தட்டை நக்கினான். ஒரே சீராக. தட்டு நகர்ந்தது. கிறீச். அவன் அதை முகத்தால் தள்ளிக்கொண்டே வந்தான். கிறீச். அவள் பின்னால் நகர்ந்தாள். அடுப்பு மேடை இடுப்பில் இடித்தது. இடமில்லை.

தட்டு அவள் கால்விரலைத் தொட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்கள் பாதி மூடியிருந்தன.

அவள் கையை மெல்லப் பற்றினான். எவ்வளவு காலமாயிற்று, இந்தக் கை அவள் கையைத் தொட்டு. ஒவ்வொரு விரலாக முகர்ந்தான். ஆள்காட்டி விரலில் வந்து நின்றான். களிம்பு தடவுகிற விரல். வாய்க்குள் வைத்துக்கொண்டான். நாக்கு சொரசொரவென்று இருந்தது. அடியிலிருந்து நுனிக்கு, அடியிலிருந்து நுனிக்கு, பொறுமையாக நக்கினான். தோல் எரிந்தது. பிறகு எரிச்சலில் ஈரம் கசிந்தது.

வாசலில் செருப்பு தெருவைப் பார்த்தபடி நனைந்துகொண்டிருந்தது. அலமாரியில் கையுறைப் பெட்டி, பிரிக்காமல்.

இனி அவன் எங்கும் போகமாட்டான். சாப்பிடுகிற வரைக்கும்.

பல் பட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.